ஐம்பதுகளின் லாஸ் வேகஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் வேகஸ் என்றதும் இன்றைய கண்ணாடிக் கோபுரங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இந்தப் பக்கம் அதற்கு முந்தைய ஊரைப் பற்றியது. நெடுஞ்சாலையோரம் முதல் சொகுசு ஹோட்டல் திறந்த 1941-இல் தொடங்கி, கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் வந்து இறங்கிய 1966 வரையிலான கால் நூற்றாண்டு. சூதாட்டத்தை விட, அந்த ஊரில் வேலை பார்த்தவர்கள், குடும்பம் நடத்தியவர்கள், விடுமுறைக்கு வந்து போனவர்கள் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறேன். அந்த ஊரில் கைக்கு வந்ததெல்லாம் மலிவு. அந்த மலிவுக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால் ஊரே விளங்கிவிடும்.

பாலைவனத்துக்கு நடுவே இப்படி ஓர் ஊர் எப்படி வந்தது?

தண்ணீரால் வந்தது. 'லாஸ் வேகஸ்' என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள். அங்கே பூமியிலிருந்து தானாகவே ஊற்று பொங்கியது. அதைச் சுற்றி சதர்ன் பையூட் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள். நீராவி ரயிலுக்கும் தண்ணீர் வேண்டும் அல்லவா? லாஸ் ஏஞ்சலிஸுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே பாதை போட்ட ரயில் கம்பெனி இந்த ஊற்றடியில் ஒரு நிலையம் அமைத்தது. 1905 மே மாதம் மனைகளை ஏலம் விட்டது. ஊர் பிறந்தது அப்படித்தான்.

அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் அது வெறும் ரயில்வே ஊர். 1931-இல் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்தன. பொருளாதாரப் பெருமந்தத்தில் கஜானா காய்ந்து கிடந்த நெவாடா மாநிலம், மார்ச் 19 அன்று சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டு, ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், இன்று ஹூவர் அணை என்று சொல்லப்படும் போல்டர் அணையின் வேலை தொடங்கியது. அணைத் தொழிலாளர்களுக்காக அரசு கட்டிய போல்டர் சிட்டியில் சூதாட்டத்துக்கும் மதுவுக்கும் தடை. ஆயிரக்கணக்கான ஆண்கள் சம்பள நாளன்று எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃப்ரீமாண்ட் தெரு, ஸ்ட்ரிப் இரண்டும் ஒன்றா?

இல்லை, இரண்டும் இரண்டு உலகம். ஃப்ரீமாண்ட் தெரு பழைய நகரத்தின் கடைவீதி. ரயிலை விட்டு இறங்கி நடந்தால் வந்துவிடும். 1931-இல் முதல் சூதாட்ட உரிமம் பெற்ற நார்தர்ன் கிளப் இந்தத் தெருவில்தான் இருந்தது. உரிமம் மேமி ஸ்டாக்கர் என்ற பெண்மணியின் பெயரில் வழங்கப்பட்டது. கோல்டன் நக்கெட் (1946), பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ (1951) எல்லாம் இங்கேதான். சட்டை கசங்கியிருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஸ்ட்ரிப் என்பது லாஸ் ஏஞ்சலிஸ் போகும் 91-ஆம் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. 1941 ஏப்ரல் 3 அன்று தாமஸ் ஹல் என்பவர் நகர எல்லைக்குச் சற்று வெளியே எல் ராஞ்சோ வேகஸைத் திறந்தார். அறுபத்து மூன்றே அறைகள். நீச்சல் குளத்தை மட்டும் சாலையிலிருந்தே தெரியும்படி வைத்தார். நூற்றுக்கணக்கான மைல் வெயிலில் கார் ஓட்டிக்கொண்டு வருபவன் கண்ணில் நீலத் தண்ணீர் பட்டால் வண்டி தானாக நிற்கும். அதன்பின் லாஸ்ட் ஃப்ரான்டியர் (1942), ஃப்ளமிங்கோ (1946), டெசர்ட் இன் (1950), சஹாராவும் சாண்ட்ஸும் (1952) என வரிசையாக வந்தன.

எல்லைக்கு வெளியே கட்டியது வரிக்காகத்தான். ஸ்ட்ரிப்பை நகரத்தோடு இணைக்க மேயர் முயன்றபோது, ஹோட்டல்காரர்கள் 1950-இல் 'பாரடைஸ்' என்ற தனிப் பகுதியை உருவாக்க வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள். இன்று வரை ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகரத்துக்குள் இல்லை.

சுற்றுலாப் பயணிகள் எப்படி வந்தார்கள்?

பெரும்பாலும் காரில், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து. ஏறத்தாழ 430 கிலோமீட்டர், மொஹாவி பாலைவனத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். கோடையில் ரேடியேட்டர் கொதித்து வழியில் நின்ற வண்டிகள் ஏராளம். அதனால் பலர் இரவில் கிளம்புவார்கள். காரின் முன்பக்கம் கெட்டித்துணியில் தைத்த தண்ணீர்ப் பை ஒன்று தொங்கும். மண்பானையைப் போல நீர் மெல்லக் கசிந்து ஆவியாக, உள்ளே இருப்பது குளிர்ந்திருக்கும்.

ஐம்பதுகளில் விமானப் பயணமும் கூடியது. ஹசியெண்டா ஹோட்டல் சொந்தமாகவே விமானங்கள் வைத்து ஆட்களை ஏற்றிவந்தது. 1959-இல் மாநாட்டு மையம் திறந்த பிறகு, வார இறுதியில் மட்டும் நிறைந்த அறைகள் வார நாட்களிலும் நிறையத் தொடங்கின.

அறையும் சாப்பாடும் அவ்வளவு மலிவாக இருந்தது எப்படி?

அவை விற்பனைக்கு இருந்த பொருளே அல்ல. விற்பனை நடந்தது ஆட்டமேஜையில். மற்ற எல்லாம் ஆளை அந்த மேஜைக்குக் கொண்டுவருவதற்கும் அங்கேயே இருத்தி வைப்பதற்கும்தான்.

எல் ராஞ்சோவில் நாற்பதுகளிலேயே ஒரு டாலருக்கு நள்ளிரவு பஃபே உண்டு. ஆட்ட ஆசாமிக்கு இரவு பசித்தால் வெளியே சாப்பிடப் போய்விடுவான், போனவன் திரும்ப மாட்டான். அவனை நிறுத்தப் பிறந்ததுதான் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடும் அந்த ஏற்பாடு. இன்று உலகம் முழுவதும் ஹோட்டல்களில் நீளமாக அடுக்கி வைக்கும் பஃபேக்களில் அந்த யோசனையின் சாயல் இருக்கிறது. ஃப்ரீமாண்ட் தெருவின் கோல்டன் கேட்டில் 1959 முதல் ஒரு கிண்ணம் இறால் காக்டெய்ல் 50 சென்ட்டுக்குக் கிடைத்தது. கடலே இல்லாத ஊரில் அரை டாலருக்கு இறால்!

விளையாடுபவருக்கு மது இலவசம். பெரிய தொகை வைத்து ஆடுபவருக்கு அறை, உணவு, காட்சி, விமானச் சீட்டு எல்லாம் இலவசம். அதை அங்கே 'காம்ப்' என்பார்கள். புகழ்பெற்ற பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா பாடும் அரங்கத்தில் இரவு உணவோடு காட்சி பார்க்க சாதாரணக் குடும்பத்தால் முடிந்தது. அரங்கங்கள் நஷ்டத்தில்தான் ஓடின, அந்த நஷ்டத்தைச் சூதாட்டக் கூடத்தின் கணக்கு விழுங்கிக்கொண்டது. நியூ யார்க்கில் அப்படி ஓர் இரவுக்கு ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழுந்திருக்கும். இங்கே அவர் கோட்டு போட்டுக்கொண்டு மனைவியோடு முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்கான பணம் வேறு வழியாக அவரிடமிருந்தோ, அவருக்குப் பக்கத்து மேஜைக்காரரிடமிருந்தோ போனது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஆட்டத்தில் மோசடி செய்தார்களா?

பெரிய இடங்களில் அதற்குத் தேவையே இல்லை. கணக்கு போட்டால் புரியும். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள்: 1 முதல் 36 வரை, கூடவே 0 ஒன்று, 00 ஒன்று. எல்லா எண்ணிலும் எண்ணுக்கொரு டாலராக 38 டாலர் வைத்ததாகக் கொள்ளுங்கள். ஜெயித்த எண்ணுக்கு 35 டாலரும், வைத்த 1 டாலரும் திரும்ப வரும். மொத்தம் 36. மீதி 2 டாலர் கடைக்கு, அதாவது கேசினோவுக்கு. நூற்றுக்கு 5.26. சக்கரம் எத்தனை நேர்மையாகச் சுற்றினாலும் இது மாறாது.

பகடை ஆட்டமான கிராப்ஸில் சில பந்தயங்களில் கடையின் பங்கு நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே. ஆனால் ஆட்டம் வேகம், கூட்டம் அதிகம். சிறு பங்கானாலும் மணிக்கு நூறு முறை, இருபத்து நான்கு மணி நேரம், ஆண்டு முழுவதும் என்றால் அதுவே ஒரு ஹோட்டல் கட்டும்.

கடைக்குப் பெரிய பயம் வெளியாளை விடச் சொந்த ஆட்கள் மேல்தான். கூரைக்கு மேலே நடைபாலம் அமைத்து, ஒருவழிக் கண்ணாடி வழியே ஆட்கள் மேஜைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மேஜையில் ஆட்டத்தை நடத்தும் ஊழியர்களான டீலர்கள் சட்டைப் பையை மூடும் ஏப்ரன் கட்ட வேண்டும். மேஜையை விட்டு நகரும்போது இரு கைகளையும் தட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். அந்தச் சைகையை இன்றும் அங்கே காணலாம்.

சூதாட்டக் கூடத்தில் கடிகாரமும் ஜன்னலும் கிடையாது என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. வரவேற்பறைக்கோ உணவகத்துக்கோ போக வேண்டுமானாலும் கூடத்தைக் கடந்தே போகும்படி கட்டினார்கள்.

அந்தக் கால ஆட்டத்தில் காசு எப்படி இருந்தது?

வெள்ளி டாலர். அறுபதுகளின் நடுவில் நாடெங்கும் அவற்றுக்குத் தட்டுப்பாடு வரும்வரை, காசு போட்டு ஆடும் ஸ்லாட் மெஷினிலும் மேஜையிலும் அசல் வெள்ளி நாணயங்கள் புழங்கின. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 27 கிராம். இருபது நாணயத்தைக் கோட்டுப் பையில் போட்டால் அரைக் கிலோவுக்கு மேல் கனத்துத் தொங்கும். மளிகைக் கடையிலும் மீதிச் சில்லறையாக அதுதான் கிடைக்கும். அந்த மளிகைக் கடை வாசலிலும் ஒரு ஸ்லாட் மெஷின் நின்றிருக்கும்.

உள்ளூர்க்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அவர்களும் சூதாடினார்களா?

சிலர் ஆடினார்கள், பலர் ஆடவில்லை. தினமும் அடுப்படியில் நிற்பவருக்குச் சாப்பாட்டின் மேல் பெரிய ஆசை இருக்காது. கூடத்தில் எட்டு மணி நேரம் நின்று, பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தவருக்கு அதுவே பாடம்.

1940-இல் நகரத்தின் மக்கள்தொகை 8,422. 1950-இல் 24,624. 1960-இல் 64,405. அதாவது ஊரில் பெரும்பாலானவர்கள் புதிதாக வந்தவர்கள். போர்க்காலத்தில் பக்கத்து ஹெண்டர்சனில் மக்னீசிய ஆலை, வடக்கே விமானப்படைத் தளம், பிறகு ஹோட்டல்கள் என்று வேலை கொட்டிக் கிடந்தது. புதுப்புது வீட்டு வரிசைகள் எழுந்தன. தேவாலயங்கள் நிறைய. 1855-லேயே கோட்டை கட்டித் தங்க முயன்ற மார்மன் சமயத்தார் பள்ளிகளிலும் வங்கிகளிலும் அரசியலிலும் முக்கியமானவர்களாக இருந்தார்கள். மேமாதத்தில் ஹெல்டொராடோ திருவிழா நடக்கும். குதிரை ஊர்வலம், கவ்பாய் உடுப்பு, பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியம் என்று ஊர் முழுக்கத் தெருவுக்கு வந்துவிடும்.

வேலை மூன்று ஷிஃப்ட். நள்ளிரவில் தொடங்குவதற்கு 'கிரேவ்யார்டு', அதாவது சுடுகாட்டு ஷிஃப்ட் என்று பெயர். அப்பா விடியற்காலையில் வந்து படுப்பார், பிள்ளைகள் சத்தமில்லாமல் கிளம்பிப் பள்ளிக்குப் போக வேண்டும். பகல் வெளிச்சம் உள்ளே வராமல் ஜன்னலை அடைத்துவைத்த படுக்கையறைகள் அந்த ஊரில் சகஜம். இரவு மூன்று மணிக்கும் கடை திறந்திருப்பது இந்தக் குடும்பங்களுக்கு அவசியம்.

நல்ல ஹோட்டலில் டீலர் வேலை கிடைக்க 'ஜூஸ்' வேண்டும் என்பார்கள். நம் ஊர் மொழியில் சிபாரிசு. சம்பளம் குறைவு, வாடிக்கையாளர் தரும் டிப்ஸ்தான் வருமானம். 'டோக்' என்பது அதற்கு அங்கே வழங்கும் சொல். ஸ்ட்ரிப்பில் பெண்களை டீலராகப் பெரும்பாலும் எடுக்கவில்லை. எழுபதுகளில்தான் அது மாறியது. அதுவரை அவர்களுக்குப் பானம் பரிமாறும் வேலை, சில்லறை மாற்றித் தரும் வேலை, அறை சுத்தம் செய்யும் வேலை. சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், அறைப் பணிப்பெண்கள் ஆகியோருக்கு 1935-இல் தொடங்கிய கலினரி யூனியன் லோக்கல் 226 பெரிய பலம். படிப்பு அதிகம் இல்லாதவர்கள் சொந்த வீடு வாங்கினார்கள் என்றால் அதில் இந்தச் சங்கத்தின் பங்கு பெரிது. இந்த ஊரைப் பற்றிப் பேசுபவர்கள் தாதாக்களுக்குத் தரும் இடத்தில் கால்வாசி கூட இவர்களுக்குத் தருவதில்லை என்பது என் வருத்தம்.

அந்த வெயிலை எப்படித் தாங்கினார்கள்?

கோடையில் 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை நூறு மில்லிமீட்டர் அளவுதான். காற்று வறண்டது என்பதால் வீடுகளில் நனைந்த மரச்சீவல் திண்டு வழியே காற்றை இழுக்கும் கூலர்கள் நன்றாக வேலை செய்தன. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து வாசலில் கட்டும் நம் பழைய முறையின் அதே தத்துவம். ஹோட்டல்களில் ஏசி. சாலையோரப் பலகைகளில் அதைத்தான் பெரிதாக எழுதிப்போட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஊர் செய்தது மன்னிக்க முடியாதது. புல்தரை, நீச்சல் குளம், கால்ஃப் மைதானம் என்று எல்லாவற்றுக்கும் நிலத்தடியிலிருந்தே இறைத்தார்கள். நிலமட்டம் தாழ்ந்தது. ஊருக்குப் பெயர் தந்த அந்த ஊற்று 1962-இல் மேலே வருவதை நிறுத்திவிட்டது.

அணுகுண்டு வெடிப்பைச் சுற்றுலாவாகப் பார்த்தார்கள் என்பது நிஜமா?

நிஜம். நகரத்திலிருந்து சுமார் 105 கிலோமீட்டர் வடமேற்கில் அமெரிக்க அரசு சோதனைத் திடல் அமைத்தது. முதல் குண்டு 1951 ஜனவரி 27 அன்று விமானத்திலிருந்து போடப்பட்டது. 1962 வரை அங்கே நிலத்துக்கு மேல் நடந்த சோதனைகள் 100.

ஊர்க்காரர்கள் முதலில் பயந்தது சுற்றுலாப் பயணிகள் வராமல் போய்விடுவார்களோ என்றுதான். நடந்தது நேர்மாறு. வர்த்தக சபை வெடிப்பு நடக்கவிருக்கும் நாளையும், பார்க்க வசதியான இடங்களையும் அச்சிட்டுத் தந்தது. மலையடிவாரத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போனார்கள். டெசர்ட் இன்னின் மேல்மாடி மதுக்கூடத்தில் இரவு முழுக்கக் குடித்துவிட்டு விடியற்காலை வெளிச்சத்துக்குக் காத்திருந்தார்கள். மதுவுக்கும் முடி அலங்காரத்துக்கும் 'அணு' என்று பெயர் வைத்தார்கள். 1957-இல் புகைப்படக்காரர் டான் இங்கிலிஷ், நீச்சலுடையில் பஞ்சாலான காளான் மேகத்தை ஒட்டி நின்ற நடனப் பெண்ணை எடுத்த படம் உலகெங்கும் போனது. படம் எடுத்தது ஊரின் விளம்பரத்துக்கென்றே நடந்த செய்திப் பிரிவுக்காக. அதே பிரிவினர் தேனிலவுத் தம்பதிகளையும் குளக்கரையில் படம் பிடித்து அவர்கள் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பிவைப்பார்கள். சாண்ட்ஸ் ஹோட்டல் குளத்துக்குள் மிதக்கும் பகடை மேஜை படமும் இவர்கள் உருவாக்கியதுதான்.

இதிலும் செலவு வேறு யார் தலையிலோ விழுந்தது. காற்று லாஸ் வேகஸ் பக்கம் வீசாத நாளாகப் பார்த்து வெடித்தார்கள். அதனால் தூசு கிழக்கே போனது, யூட்டா மாநிலத்தின் சின்ன ஊர்கள் மேலும் பண்ணைகள் மேலும் பழங்குடியினர் நிலங்கள் மேலும் படிந்தது. 1953 மே 19 அன்று நடந்த 'ஹாரி' சோதனைக்குப் பின் செயின்ட் ஜார்ஜ் ஊரில் மக்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். பின்னாளில் அந்தப் பகுதிகளில் புற்றுநோயால் குடும்பங்கள் பட்டதற்கு, 1990-இல்தான் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. ஓட்டல் மாடியில் மதுக்கோப்பையோடு நின்றவர்களையும் செயின்ட் ஜார்ஜில் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டவரையும் சேர்த்து நினைக்காமல் அந்தப் புகைப்படங்களை என்னால் பார்க்க முடிவதில்லை.

கறுப்பினக் கலைஞர்கள் பாடிய ஹோட்டலில் அவர்களே தங்க முடியாதாமே?

முடியாது. நாட் கிங் கோல், சாமி டேவிஸ் ஜூனியர் போன்றவர்கள் மேடையில் பாடி முடித்ததும் பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும். கூடத்தில் உட்காரக் கூடாது, குளத்தில் இறங்கக் கூடாது, அறை கிடையாது. ரயில் பாதைக்கு மேற்கே வெஸ்ட்சைட் என்ற பகுதியில் ஹாரிசன் அம்மையாரின் விடுதி போன்ற வீடுகளில்தான் தங்கினார்கள். 'மேற்கின் மிசிசிப்பி' என்று இந்த ஊருக்குப் பெயரே இருந்தது.

வெஸ்ட்சைட் வாசிகளில் பலர் போர்க்காலத்தில் மக்னீசிய ஆலை வேலைக்காக லூசியானாவின் டலூலா, ஆர்கன்சாவின் ஃபோர்டைஸ் போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள், மூட்டை தூக்கியவர்கள் அவர்கள்தான். ஸ்ட்ரிப்பில் வண்ண விளக்குகள் எரிந்த காலத்தில் அவர்கள் தெருக்களில் தார் இல்லை, சாக்கடை வசதி இல்லை. வீட்டுக்கடன் கேட்டால் வங்கிகள் மறுத்தன.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1952-இல் பாடகி ஜோசஃபின் பேக்கர், கறுப்பின ரசிகர்களையும் அரங்கத்துக்குள் விட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். 1955 மே 24 அன்று வெஸ்ட்சைடின் ஓரத்தில் மூலான் ரூஜ் திறந்தது. எல்லா இனத்தவரும் சேர்ந்து தங்கவும் ஆடவும் முடிந்த, ஊரின் முதல் பெரிய ஹோட்டல்-கேசினோ அது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் வாசலில் நின்று வரவேற்றார். அதிகாலை இரண்டரை மணிக்கு ஒரு மூன்றாவது காட்சி வைத்தார்கள். ஸ்ட்ரிப்பில் வேலை முடித்த பாடகர்களும் நடனக்காரர்களும் கறுப்பர், வெள்ளையர் என்றில்லாமல் அங்கே வந்து குவிந்தார்கள். ஆறே மாதத்தில் பணமின்றி மூடப்பட்டது. இருந்த அந்தச் சில மாதங்களில், பிரிவினை இல்லாமலும் அந்தத் தொழில் நடக்கும் என்று ஊருக்கே காட்டிவிட்டது.

1960-இல் பல் மருத்துவர் ஜேம்ஸ் மெக்மில்லன் தலைமையில் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமான என்ஏஏசிபியின் கிளை, ஸ்ட்ரிப்பில் ஊர்வலம் நடத்தப் போவதாக அறிவித்துக் கெடு வைத்தது. ஹோட்டல்காரர்களுக்கு எது வலிக்கும் என்று அவர் சரியாகக் கணித்திருந்தார். தொலைக்காட்சியில் ஒரு ஊர்வலம் தெரிந்தால் சுற்றுலா படுத்துவிடும். மார்ச் 26 அன்று, மூடிக்கிடந்த அதே மூலான் ரூஜின் காபிக் கடையில் உட்கார்ந்து, ஹோட்டல்களில் இனப் பாகுபாட்டைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். வாடிக்கையாளராக உள்ளே போக வழி பிறந்தது. டீலராகவும் மேலாளராகவும் வேலை பெற அடுத்த தலைமுறை வரை போராட வேண்டியிருந்தது.

மாஃபியாதானே இந்த ஊரைக் கட்டியது?

பணத்தில் பங்கு உண்டு, பெருமை முழுவதையும் தர வேண்டியதில்லை. தாதா பக்ஸி சீகல்தான் ஸ்ட்ரிப்பைக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. அவருக்கு முன்பே அங்கே இரண்டு ஹோட்டல்கள் இருந்தன. ஃப்ளமிங்கோவையும் தொடங்கியவர் பத்திரிகை அதிபர் பில்லி வில்கர்சன். சீகல் 1946 டிசம்பர் 26 அன்று திறந்தபோது தங்கும் அறைகள் தயாராகவில்லை. வந்தவர்கள் ஜெயித்த பணத்தோடு வேறு ஹோட்டலுக்குத் தூங்கப் போனார்கள். 1947 ஜூன் 20 அன்று பெவர்லி ஹில்ஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

தாதாக்கள் நுழைந்ததற்கு ஒரு எளிய காரணம் இருந்தது. பெரும்பாலான வங்கிகள் கேசினோவுக்குக் கடன் தராது. ஒவ்வொரு பங்குதாரரும் உரிமம் பெற வேண்டும் என்ற விதியால் பங்குச்சந்தை கம்பெனிகளும் வர முடியாது. மீதி இருந்தது கள்ளப் பணமும், பிறகு லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் ஓய்வூதிய நிதியும். எண்ணும் அறையில் கணக்குக்கு வருமுன் ஒரு பங்கை உருவி வெளியூர் முதலாளிகளுக்கு அனுப்புவது 'ஸ்கிம்'. செனட்டர் கெஃபாவர் 1950 நவம்பரில் அங்கேயே வந்து விசாரணை நடத்தினார். மாநிலம் 1955-இல் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தது. 1960-இல், கேசினோவுக்குள் காலே வைக்கக் கூடாதவர்களின் கறுப்புப் பட்டியல் வெளியானது.

கல்யாணமும் விவாகரத்தும் அங்கே அவ்வளவு சுலபமா?

ஆம். 1931 சட்டப்படி ஆறு வாரம் நெவாடாவில் தங்கினால் போதும், விவாகரத்து கிடைக்கும். மற்ற மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் இழுத்த காலம் அது. அதற்கென்றே பண்ணை விடுதிகள் இருந்தன. தினமும் உங்களைப் பார்த்தேன் என்று நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல விடுதிக்காரர் வருவார். கொடுமைக்கார கணவனிடமிருந்து விடுபட வழி தேடிய பெண்களுக்கு இந்த ஊர் உண்மையில் அடைக்கலம்.

கல்யாணத்துக்கோ காத்திருப்பும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. 1942-இல் கட்டிய லிட்டில் சர்ச் ஆஃப் தி வெஸ்ட் என்ற மரத் தேவாலயம் இப்போதும் திருமணங்கள் நடத்துகிறது.

இந்தக் காலம் எப்போது முடிந்தது?

1966 நவம்பர் இறுதியில் ஹோவர்ட் ஹியூஸ் டெசர்ட் இன்னின் மேல்தளத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு அந்த ஹோட்டலையே வாங்கினார், பிறகு வேறு சிலவற்றையும். 1967, 1969 சட்டத் திருத்தங்களால் பெரிய கம்பெனிகள் கேசினோ நடத்த வழி திறந்தது. கம்பெனிக் கணக்கில் சமையலறை தனி, அரங்கம் தனி, அறை தனி, ஒவ்வொன்றும் லாபம் காட்ட வேண்டும். பழைய மலிவு அங்கிருந்து கரையத் தொடங்கியது.

இன்று போனால் எதைப் பார்க்கலாம்?

ஹோட்டல்களில் பெரும்பாலானவை இல்லை. எல் ராஞ்சோ 1960-இல் எரிந்தது. சாண்ட்ஸ், டெசர்ட் இன், ஸ்டார்டஸ்ட் எல்லாம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன, ட்ரோபிகானா 2024 அக்டோபரில். ஃப்ரீமாண்ட் தெருவில் 1941-இல் திறந்த எல் கோர்டெஸ் நிற்கிறது. 1951-இல் ஏற்றிய நியான் கவ்பாய் 'வேகஸ் விக்' அங்கேயே இருக்கிறான். ஸ்ட்ரிப்பின் தெற்கு முனையில், 1959-இல் பெட்டி வில்லிஸ் வடிவமைத்த வரவேற்புப் பலகை இருக்கிறது. அந்த வடிவத்துக்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை. சாவிக்கொத்து, டி-ஷர்ட் என்று உலகமே அதை அச்சடித்து விற்கிறது.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நியான் மியூசியத்துக்குப் போங்கள். உள்ளே நுழையும் கூடம், 1961-இல் லா கோஞ்சா மோட்டலுக்காகக் கட்டிய சிப்பி வடிவ வரவேற்பறை. வடிவமைத்தவர் பால் வில்லியம்ஸ், கறுப்பினக் கட்டடக் கலைஞர். வெஸ்ட்சைடில் கறுப்பினக் குடும்பங்களுக்கென எழுந்த பெர்க்லி ஸ்கொயர் வீடுகளையும் அவர்தான் வரைந்தார். அந்தக் கூடத்தைக் கடந்து முற்றத்துக்குப் போனால், பெட்டி வில்லிஸ் வடிவமைத்த இன்னொரு பலகையின் எழுத்துகள் நிற்கின்றன. வளைந்து வளைந்து ஓடும் அந்த எழுத்துகள் சேர்ந்து சொல்லும் பெயர், மூலான் ரூஜ்.